மூண்டாந்தரம் கூப்பிடுமட்டும்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

இந்தக் கொப்பி எனக்குத் தந்ததில்லை. ரவிக்கெண்டு தந்தது. நினைவு கிளினிக்கிலை இருக்கிற நேர்ஸ் பிள்ளை என்ரை மனிசி பாலாம்பிகையின்ரை கையிலை குடுத்து, அண்ணருக்கு ஒவ்வொரு நாளும் என்ன மறக்குது, எங்கை குழம்புது எண்டு திகதி போட்டு எழுதிக்கொண்டு வாங்கோ, டொக்டர் பாப்பார் எண்டவள். என்ரை மனிசிக்கு விரல் மடங்காது. "இஞ்சாருங்கோ, நீங்கள் சும்மா தானே இருக்கிறியள்" எண்டு என்ரை மடியிலை போட்டுட்டாள். எட்டாம் வகுப்போடை ஓடிவந்தவனுக்கு எழுபத்திநாலு வயசிலை வீட்டுப்பாடம்.

டொக்டர் பிரெஞ்சுக்காரன். இதை எப்பிடி வாசிப்பான் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை. நல்லதாப் போச்சு. நான் விரும்பினதெல்லாம் எழுதலாம்.

ரவி எண்டுறது இரவிச்சந்திரன். பாலாம்பிகையின்ரை தமையன், எனக்கு மச்சான். அதுக்கு முதலே பள்ளிக்கூடத்திலை என்னோடை ஒரே வாங்கிலை இருந்து அடி வாங்கினவன். அவன்ரை மனிசி செத்து ஆறு வருசம். பிள்ளையள் இல்லை. தை மாசத்திலை இருந்து அஹுன்ட்சிக்கிலை எங்கடை வீட்டிலை எங்களோடைதான், முன் அறையிலை.

இண்டைக்கு மறந்தது: தேத்தண்ணிக்கு உப்புப் போட்டான். குடிச்சும் முடிச்சான். "மச்சான், மீன் துண்டு எங்கை?" எண்டு கேட்டன். விழுந்து விழுந்து சிரிச்சான். அப்ப இது மறதியோ, பகிடியோ? எதெண்டு எழுதுறது?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தமிழ்க் கடையிலை அரிசி மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்சன்.

இது எங்கடை பழைய விளையாட்டு. சின்னனிலை சொல்லித் தந்தவை, மைம்மல் நேரம், பொழுது சாயேக்கை, தனி இடத்திலை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டா உடனை வாய் திறக்கக்கூடாதெண்டு. பேய் ரெண்டு தரம்தான் கூப்பிடுமாம். மூண்டாந்தரம் கூப்பிட்டா மனிசன். அதைப் பிடிச்சுக்கொண்டு நாங்கள் அறுபது வருசமா விளையாடுறம். ஒருத்தன் ஒளிப்பான். மற்றவன் மூண்டு தரம் கூப்பிடவேணும். மூண்டாந்தரத்துக்கு "ஓம்" எண்டு கொண்டு வெளியிலை வரவேணும். முன்னம் வந்தா தோல்வி. நான் ஷபனெல் றோட்டுத் தையல் பக்டறியிலை வேலை செய்யேக்கை பஸ் தரிப்பிலை, பனிக்குள்ளை நிண்டும் விளையாடியிருக்கிறம்.

"புழுகர்!"

அது அவன் எனக்கு வச்ச பட்டம். நான் வாயைத் திறந்தா பொய்யாம்.

"புழுகர்!"

கடையிலை எல்லாரும் திரும்பிப் பாத்தாச்சு.

"டேய் புழுகர்!"

"ஓம்" எண்டு எழும்பினன். முழங்கால் ரெண்டும் டக் டக் எண்டுது. பாலாம்பிகை கையிலை இருந்த கறிவேப்பிலைக் கட்டாலை எனக்கு ஒண்டு, அவனுக்கு ஒண்டு. "ரெண்டு கிழடுகளும் சுடலைக்குப் போற வயசிலை!"

இண்டைக்கு மறந்தது: ஒண்டுமில்லை. மூண்டையும் எண்ணிக் கூப்பிட்டவன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ரவி இருபத்தொன்பது வருசம் வேலை செய்தது ஒரு ஹோட்டலின்ரை நிலத்துக்குக் கீழை, லோண்டறியிலை. யன்னல் இல்லை. பனிக்காலத்திலை இருட்டோடை இறங்கி இருட்டோடை ஏறுவான். படுக்கை விரிப்பு, துவாய், விரிப்பு, துவாய். மடிக்கிற மேசைக்கு மேலை ஆரோ ஒட்டிவிட்ட கலண்டர் படம் ஒண்டு இருந்ததாம். வருசம் முடிஞ்சும் அதைக் கழட்ட விடேல்லை. வேலையாலை நிண்ட அண்டைக்குச் சுருட்டிக்கொண்டு வந்தவன்.

படத்திலை வெள்ளைத் தரை. தண்ணி வத்தின ஏரியாம். தூரத்திலை நீல மலை. நடுவிலை சின்னதா ஒரு கூடாரம். வேறை ஒரு சாமான் இல்லை. கீழை ஒரெகன் எண்டு போட்டிருக்கு. அமெரிக்காவிலை, மலை உயரத்திலை கிடக்கிற பாலைவனமாம்.

இண்டைக்குச் சாப்பாட்டு மேசையிலை கொண்டுவந்து விரிச்சான்.

"இதுக்கை ஒருக்கா நிக்கவேணும் மச்சான்."

"நிண்டு?"

"சும்மா."

"ஒரு தேத்தண்ணிக் கடை கூட இல்லையடா அதுக்கை."

"அதுக்குத்தான்."

மகள் சிவாஜினி கர்க்லாண்டிலை இருந்து வந்திருந்தவள். படத்தைப் பாத்தாள். மாமனைப் பாத்தாள். போனை எடுத்து நோண்டத் தொடங்கினாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சமூக சேவைக்காரி வந்து போனாள். கார்த்திகையளவிலை ஒரு இடம் காலியாகுமாம், வயது போனவையைப் பாக்கிற இடத்திலை. வருத்தம் கெதியாக் கூடுதாம். "ஆள் எங்கையும் வெளிக்கிட்டுப் போறவரோ?" எண்டு கேட்டாள். "இல்லை, வீட்டைவிட்டுத் துரத்தினாலும் போகான்" எண்டன். ஒருத்தரும் சிரிக்கேல்லை.

அடுத்த அறையிலை ரவி துவாய் மடிச்சுக்கொண்டிருந்தான். மடிச்சதைக் குலைச்சு, திரும்பவும் மடிச்சு. இவ்வளவும் அவன்ரை காதிலை விழுந்திருக்கும்.

பேந்து வந்து என்னட்டை மெல்லமாக் கேட்டான்: "அந்த இடத்திலை யன்னல் இருக்கோ?"



ஆகஸ்ட் 30, வெள்ளி

ரவியைப் படத்திலை இருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சிவாஜினி ரெண்டு கிழமை லீவு எடுத்திட்டாள். படுக்கை வச்ச வான் ஒண்டும் பிடிச்சாச்சு. நாங்கள் மூண்டு பேர். பாலாம்பிகைக்கு முழங்கால் ஏலாது. என்னைக் குசினிக்குள்ளை கூப்பிட்டுச் சொன்னாள்: "உங்கடை சேட்டையெல்லாத்தையும் இஞ்சை வச்சிட்டுப் போங்கோ. அண்ணாவைக் கையோடை கூட்டிக்கொண்டு போய்க் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஓம் எண்டு சொன்னன்.

செப்டெம்பர் 9, திங்கள்

ரெண்டு பிளேன் மாறி, வானுக்குள்ளை நாலரை மணித்தியாலம். ஒரெகனின்ரை தென்கிழக்கு மூலை. கடைசிப் பெற்றோல் கடைக்குப் பிறகு ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒரு வீடு இல்லை. போன் வேலை செய்யாது. சிவாஜினி போத்தல் போத்தலாத் தண்ணி ஏத்தினவள். "என்னடி பிள்ளை, கலியாண வீடோ?" எண்டன். "அப்பா, இஞ்சை தண்ணி இல்லாட்டி ஒரு நாள்தான்" எண்டாள். சிரிச்சிட்டு விட்டன்.

உயரம் எண்டபடியா மூச்சு வாங்குது. பகல் வெக்கை தலையைப் பிளக்கும், வெயில் சாய்ஞ்ச உடனை கூதல் எலும்புக்குள்ளை பூரும். சாம்பல் நிறத்திலை ஒரு பத்தை, முழங்கால் உயரம், கண்ணுக்கெட்டின தூரம் அதுதான். ரவி ஒரு இலையைக் கசக்கி மோந்தான். எனக்கும் மோக்கத் தந்தான். மூலிகை எண்ணெய் மாதிரி.

இண்டைக்கு மறந்தது: ஒண்டுமில்லை. வான் போன றோட்டை எல்லாம் வடிவாச் சொல்லுறான்.

செப்டெம்பர் 10, செவ்வாய்

நான் எல்லாத்துக்கும் பட்டம் வச்சுக்கொண்டு வாறன். முதல் இரவு நிண்ட இடம் 'பல்லுக்கொதி', அவ்வளவு குளிர். மேசை ஒண்டு, நெருப்பு மூட்டக் கல்லுவட்டம் ஒண்டு, கிடங்கு வெட்டின கக்கூஸ் ஒண்டு, அவ்வளவுதான் அங்கை. அடுத்த மலை வெட்டினது போலை நேரா நிக்குது, அது 'மாமியார்'. காட்டுக் குதிரையள் கூட்டமாப் போச்சுது, தூசியைக் கிளப்பிக்கொண்டு. முன்னுக்குப் போன கிழட்டுக் குதிரைக்கு ரவியின்ரை பேர்.

"நான் ஏன் முன்னுக்கு?"

"நீதானேடா மூத்தவன், என்னைவிட ரெண்டு மாசம்."

"அப்ப பின்னாலை தூசி குடிக்கிறது ஆர்?"

"நான்தான். அறுபது வருசமா."

மத்தியானம் வெந்நீர் ஊத்து. பத்தையளுக்கு நடுவிலை கல்லுக் கட்டின குழி, ஆவி பறக்குது. ரவி கழுத்தளவுக்கு இறங்கிக் கண்ணை மூடினான். நான் காலை மட்டும் வச்சன், மரக்கறி மாதிரி அவிஞ்சு போவன் எண்ட பயம். அவன் கண் திறக்காமலே, "லோண்டறியிலை இதுதான் சூடு" எண்டான். "ஆனா மேலை வானம் இல்லை" எண்டான்.

அவன் இவ்வளவு கதைச்சு நான் கேட்டு வருசக்கணக்கு.

செப்டெம்பர் 11, புதன்

படத்திலை இருந்த இடம்.

தரை வெள்ளை. வெடிச்சு, ஓடு ஓடா, காலாலை மிதிக்கச் சருகு மாதிரி ஒரு சத்தம். மேடு இல்லை, பள்ளம் இல்லை, கல்லு இல்லை. நிழல் எண்டா எங்கடை நிழல் மட்டும்தான். தூரத்திலை சுழல்காத்து ஒண்டு தூண் மாதிரி எழும்பி நடந்து போச்சுது. சிவாஜினி வானை ஓரத்திலை விட்டிட்டு, நடவுங்கோ மாமா, எவ்வளவு தூரம் வேணுமெண்டாலும் நடவுங்கோ எண்டாள்.

நடந்தான். நானும் பின்னாலை. திடீரெண்டு குனிஞ்சு கையாலை தரையைத் தடவினான், படுக்கை விரிப்பிலை சுருக்கம் எடுக்கிற மாதிரி.

"இதை மடிக்க எத்தினை பேர் வேணும் மச்சான்?"

"நீ அந்த மூலையைப் பிடி, நான் இந்த மூலை."

உண்மையாப் போனான்! முப்பது அடி தள்ளிப்போய் நிண்டு ரெண்டு கையையும் அகட்டிப் பிடிச்சான். நானும் பிடிச்சன். ஒருத்தரை ஒருத்தர் பாத்து நடந்து வந்து மூலையோடை மூலை சேத்தம். அவன்ரை கை என்ரை கையிலை முட்டிச்சுது. இன்னொருக்கால் மடிச்சம். சிவாஜினி படம் எடுத்தவள், எடுத்துக்கொண்டே அழுதவள். ஏனடி அழுறாய், சலவைக்காசு கேக்கமாட்டம் எண்டன்.

இண்டைக்கு மறந்தது: எழுத மாட்டன். இண்டைக்கு ஒண்டும் எழுத மாட்டன் டொக்டருக்கு.

செப்டெம்பர் 12, வியாழன், காலமை

மூண்டாவது இடத்துக்கு வந்திட்டம். வெள்ளைத் தரையின்ரை ஓரம், மலை அடிவாரம். வேறை ஒரு வானும் இல்லை. வீடு மாதிரிப் பெரிய கறுப்புக் கல்லு ஒண்டு பக்கத்திலை, பட்டம் 'எருமை'. ரவி நல்ல சந்தோசம். அவனைக் கண்டா வருத்தக்காரன் எண்டு ஆர் சொல்லுவினம்?

செப்டெம்பர் 13, வெள்ளி

காணேல்லை. விடிஞ்சு, காலமை பத்து மணியாகுது. காணேல்லை.

சிவாஜினி இரவோடை இரவா போன் வேலை செய்யிற இடம் வரை வானை ஓட்டிப் போய்ச் சொல்லி, பொலிஸ் வந்திட்டுது. நாயோடை ஆக்கள் வந்திட்டினம். ஹெலிகொப்டர் ஒண்டு சுத்துது. கத்திக் கத்திச் சிவாஜினிக்குக் குரலே இல்லை. என்னை வானுக்குள்ளை இருக்கச் சொல்லிப்போட்டினம், நானும் தொலைஞ்சு போவனாம். எழுத்து எனக்கே விளங்கேல்லை.

எல்லாருக்கும் நான் சொன்னது: கக்கூசுக்குப் போனன், திரும்பி வந்து பாத்தன், கதிரையிலை ஆள் இல்லை.

புழுகு.

நேற்றுப் பின்னேரம் ஆறு மணி. சிவாஜினி வானை எடுத்துக்கொண்டு, வழியிலை கண்ட குழாயடிக்குத் தண்ணி எடுக்கப் போனவள். வெயில் மலைக்குப் பின்னாலை இறங்குது. ரவி மடக்குக் கதிரையிலை மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தான். எனக்குச் சும்மா இருக்க ஏலுமோ? எருமைக்குப் பின்னாலை போய் ஒளிச்சன்.

"புழுகர்!"

கையாலை வாயைப் பொத்திக்கொண்டன், சிரிப்பு அடக்க ஏலாமல்.

"புழுகர்!"

அது வேறை மாதிரிக் குரல். இப்பதான் தெரியுது. அப்ப தெரியேல்லை. அப்ப நான் எண்ணிக்கொண்டிருந்தன் — ரெண்டு. இன்னும் ஒண்டு வரவேணும். முன்னம் போனா நான் தோத்துப் போவன்.

வரேல்லை.

கல்லு வெயில் குடிச்சு இளஞ்சூடா இருந்துது, முதுகைச் சாய்ச்சுக்கொண்டு நிண்டன். கள்ளன் மற்றப் பக்கத்தாலை சுத்தி வந்து என்னை வெருட்டப்போறான் எண்டு நினைச்சன். அவன் காலடிக்குக் காது குடுத்துக்கொண்டு நிண்டன். காத்துச் சத்தம்தான். பத்து நிமிசமோ, கால் மணித்தியாலமோ. எழுபத்திநாலு வயசிலை ஒரு பெரிய மனிசன், மூண்டாந்தரம் கூப்பிடட்டும் எண்டு கல்லுக்குப் பின்னாலை.

வெளியிலை வந்தா கதிரை கிடக்கு. தேத்தண்ணிக் கோப்பை கதிரைக்குக் கீழை. ஆள் இல்லை. பத்தை எல்லாம் ஒரே மாதிரி. ஒரே உயரம். மைம்மல். எந்தப் பக்கம்?

பிறகு நான் கூப்பிட்டன். மூண்டு தரமில்லை. எண்ணேல்லை.

அவன் என்னைத் தேடித்தான் போனவன். வேறை எதுக்குப் போனவன்?

பாலாம்பிகைக்கு என்ன சொல்லுவன்?

செப்டெம்பர் 14, சனி

உயிரோடை இருக்கிறான்.

நேற்று மத்தியானம் ரெண்டு மணிக்கு, மாடு வளர்க்கிற மனிசி ஒராள், நாலு சில்லு மோட்டார் சைக்கிளிலை வந்தவ கண்டிருக்கிறா. ஒன்பது கிலோமீற்றர் தள்ளி, தண்ணி இல்லாத ஆத்துக் கிடங்குக்குள்ளை. கரையின்ரை நிழலிலை இருந்திருக்கிறான். சட்டை, சுவெற்றர், உள்பெனியன் மூண்டையும் கழட்டி நாலாய் மடிச்சு, ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கி வச்சுக்கொண்டு. உதடு வெடிச்சு, கால் முழுக்க முள்ளு.

இப்ப சின்ன ஆஸ்பத்திரி ஒண்டிலை, ஊசி வழியாத் தண்ணி ஏறுது.

அந்த மனிசி ஆஸ்பத்திரி வரை வந்தவ, தொப்பியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு. சிவாஜினியிட்டைக் கேட்டா: உங்களோடை நாய் வந்ததோ? இவர் வழி முழுக்க ஒரு பேரைச் சொல்லிக்கொண்டு வந்தவர், நாயைத்தான் தேடுறார் எண்டு நான் நினைச்சன். என்ன பேர் எண்டு சிவாஜினி கேட்க, அந்த வெள்ளைக்காரி வாயாலை சொன்னா — "புளுகர்."

சிவாஜினி என்னைத் திரும்பிப் பாத்தாள். "அப்பா. மாமா உங்களைத் தேடினவரோ?"

"குழம்பிப்போனான் பிள்ளை."

"ஏன் தேடினவர்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

அவள் பேந்து ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருக்கலாம்.

செப்டெம்பர் 19, வியாழன்

வீட்டை வந்திட்டம். கையோடை கூட்டிக்கொண்டு வந்தன். பாலாம்பிகை தமையனைக் கட்டிப்பிடிச்சுக் கத்தினாள். அவன் அவளின்ரை முதுகைத் தட்டி, "அழாதை தங்கச்சி" எண்டான். அவளைத் தெரியுது.

என்னைப் பாத்து, "வாங்கோ ஐயா, இருங்கோ" எண்டான்.

செப்டெம்பர் 20, வெள்ளி

பகிடி விடுறான் எண்டுதான் நினைச்சன். பழிக்குப் பழி. ஒரு நாள் முழுக்க அவன்ரை மூஞ்சியைப் பாத்துக்கொண்டிருந்தன், எப்ப சிரிப்பான் எண்டு.

சிரிக்கேல்லை.

செப்டெம்பர் 28, சனி

தேடுறான். காலமை எழும்பினா அலுமாரி திறந்து பாக்கிறான். கட்டிலுக்குக் கீழை பாக்கிறான். குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து பாக்கிறான். "புழுகர்!" ஒருக்கா. "புழுகர்!" இன்னொருக்கா. அதோடை நிப்பாட்டி, என்னத்துக்கு நிக்கிறன் எண்டு தெரியாமல் நிக்கிறான்.

இண்டைக்கு அவன்ரை ரெண்டு தோளையும் பிடிச்சன். "டேய் ரவி, நான்தானடா. நான்தான் புழுகர். இஞ்சை நிக்கிறன்."

என்னை வடிவாப் பாத்தான், மேலையும் கீழையும். பிறகு மரியாதையா என்ரை கையை எடுத்து விட்டான். "அவனை எனக்குத் தெரியாதோ ஐயா? அவன் ஒரு பெடியன் மாதிரி. நீங்கள் வயது போன ஆள்."

அறுபது வருசம் என்னை 'நீ' எண்டும் 'டேய்' எண்டும் கூப்பிட்டவன். இந்த 'நீங்கள்' இருக்கே. இதைவிடச் செருப்பாலை அடிச்சிருக்கலாம்.

ஒக்ரோபர் 3, வியாழன்

கிளினிக். டொக்டர் சொன்னது: ஆள் தன்பாட்டிலை வெளிக்கிட்டு அலையிறவர் எண்டு தெரிஞ்சுபோச்சு, அதாலை பூட்டுப்போட்ட மாடியிலைதான் வைக்கவேணும். கதவுக்கு இலக்கம் அடிச்சாத்தான் திறக்கும். சிவாஜினி மொழிபெயர்த்துச் சொன்னாள். கொப்பி என்ரை மடியிலை கிடந்தது. அதுக்கை எல்லாம் இருக்கு. டொக்டர் கேட்டார், இதிலை அலைச்சல் பற்றி எழுதியிருக்கோ எண்டு. இல்லை எண்டன்.

அவன் அலையிறவன் இல்லை. நான் ஒளிச்சதாலை தேடினவன். அதைச் சொல்லவேண்டிய ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தன். திரும்பவும் கல்லுக்குப் பின்னாலைதான் நிக்கிறன்.

ஒக்ரோபர் 9, புதன்

பாலாம்பிகைக்குச் சொன்னன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னன் — கல்லு, கூப்பிட்டது, எண்ணினது, கக்கூசுப் பொய்.

கத்துவாள் எண்டு நினைச்சன். கறிவேப்பிலைக் கட்டாலை அடிச்சாலும் வாங்கத் தயாராத்தான் நிண்டன். அவள் துருவலை நிப்பாட்டினாள். ஒண்டுதான் கேட்டாள்:

"மறதி எழுதத்தானே உங்களட்டைக் கொப்பியைத் தந்தது. மூண்டாந்தரம் கூப்பிட அண்ணா மறந்துபோனார் எண்டு உங்களுக்கு விளங்கேல்லையோ?"

பிறகு துருவத் தொடங்கினாள்.

ஒக்ரோபர் 10, வியாழன்

சமூக சேவைக்காரிக்குச் சிவாஜினியைக் கொண்டு போன் எடுத்துச் சொல்லுவிச்சன். மகளுக்கும் அப்பதான் தெரியும். போனை வச்சிட்டு என்ரை முகத்தைப் பாக்காமல் சொன்னாள்: "இனி ஒண்டும் மாறாதாம் அப்பா. இப்ப அவர் தேடுறவர்தானே. கதவு திறந்திருந்தாத் தேடிக்கொண்டு போவார்தானே."

ஓம். அதுவும் சரிதான்.

ஒக்ரோபர் 21, திங்கள்

பாலாம்பிகை என்னை "இஞ்சாருங்கோ" எண்டு கூப்பிடுறதில்லை. சாப்பாட்டை மேசையிலை வச்சிட்டு மூடியைத் தட்டுறாள். அந்தச் சத்தம்தான் எனக்கு இப்ப பேர்.

நவம்பர் 6, புதன்

ரவியைக் கொண்டுபோய் விட்டாச்சு. நாலாம் மாடி. யன்னல் இருக்கு. ஆறு தெரியுது. முதல் வேலையா யன்னல் சீலைக்குப் பின்னாலை பாத்தான், நான் நிக்கிறனோ எண்டு. நான் அவனுக்குப் பின்னாலை பெட்டி தூக்கிக்கொண்டு நிண்டன்.

கலண்டர் படத்தைச் சுவரிலை ஒட்டினன். "வடிவான இடம்" எண்டான். "நீங்கள் போயிருக்கிறியளோ ஐயா?"

"போனனான்."

"ஆரோடை?"

"என்ரை மச்சானோடை."

"குடுத்து வச்ச ஆள்" எண்டான்.

நவம்பர் 20, புதன்

ஒவ்வொரு நாளும் போறன். ரெண்டு பஸ். கீழை "பொஞ்சூர்", மேலை "மெர்சி", எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அவ்வளவுதான், அங்கை அது காணும். அங்கை ரவிக்குத் துவாய் மடிக்கக் குடுக்கினம். வேலை செய்யிற பிள்ளையளுக்கு அவனிலை நல்ல விருப்பம். மூலை மூலைக்குச் சரியா மடிக்கிறான்.

எதிர் அறையிலை பிலோமினம்மா எண்டு எங்கடை ஆள் ஒராள். சக்கர நாற்காலி, நாக்கு மட்டும் ஓடித் திரியுது. "உந்த மனிசன் தேடுற புழுகர் ஆர் தம்பி?"

எழுபத்திநாலு வயசிலை என்னைத் தம்பி எண்டுறா. சிரிப்பு வந்திருக்கவேணும்.

"பழைய கூட்டாளி அம்மா."

"செத்துப்போனானோ?"

"தெரியேல்லை."

"நல்ல கூட்டாளியெண்டா ஒருக்கா வந்து பாக்கமாட்டானோ? விசரன்."

"ஓம் அம்மா. விசரன்தான்."

நவம்பர் 29, வெள்ளி

முதல் பெரிய பனி. பஸ் வரேல்லை. அரைவாசி நடந்தன். தரை முழுக்க வெள்ளை, மேடில்லை, பள்ளமில்லை. நடுவிலை நிண்டன். ஒரு மூலையைப் பிடிக்க ஆள் இல்லை.

டிசெம்பர் 8, ஞாயிறு

காலமை வெளிக்கிடேக்கை பாலாம்பிகை குசினிக்குள்ளை இருந்து, "இஞ்சாருங்கோ, தொப்பி" எண்டாள். கதவடியிலை நிண்டுபோனன். ரெண்டு மாசம். திரும்பிப் பாக்கப் பயமாக் கிடந்துது. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனன்.

ரவி நடைக் கூடத்திலை நிண்டான், தோளிலை ஒரு துவாயோடை. என்னைக் கண்ட உடனை கிட்ட வந்து என்ரை கையைப் பிடிச்சான். அவன் தானா என்ரை கையைப் பிடிச்சது அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான்.

"ஐயா, நீங்கள் எங்கடை ஆள்தானே. எனக்கு ஒரு உதவி. ஒருத்தன் ஒளிச்சிட்டான். தேடித் தருவியளோ?"

"வாங்கோ" எண்டன். நானும் அவனுக்கு 'வாங்கோ' சொல்லுறன் இப்ப.

கை கோத்துக்கொண்டு நடந்தம். துடைப்பம் வைக்கிற அறைக்குள்ளை பாத்தம். சாப்பாட்டு வண்டிலுக்குப் பின்னாலை பாத்தம். பூட்டுக் கதவடியிலை நிண்டான்.

"புழுகர்!"

முதல் தரத்திலேயே சொல்லிப்போட்டன். அறுபது வருசச் சட்டத்தை விட்டிட்டு, "ஓம்" எண்டன்.

அவன் திரும்பிச் சிரிச்சான், நல்ல மரியாதையா. "உங்களை இல்லை ஐயா."

பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "புழுகர்!"

அவ்வளவுதான். வாய் திறந்தபடி நிண்டான். என்னவோ மிச்சம் இருக்கெண்டு தெரியுது, என்னெண்டு தெரியேல்லை. அந்த முகத்தை நான் அண்டைக்குக் காணேல்லை. கல்லுக்குப் பின்னாலை நிண்டன். இப்பிடித்தான் நிண்டிருப்பான்.

"இன்னும் ஒருக்காக் கூப்பிடவேணும்" எண்டன்.

"இருக்கோ?"

"ஓம். மூண்டு தரம்."

"அப்ப நீங்கள் கூப்பிடுங்கோ. எனக்குத் தொண்டை நோகுது."

கூப்பிட்டன். புழுகர் எண்டு, அந்த நடைக் கூடம் முழுக்கக் கேக்க. பிலோமினம்மா அறைக்குள்ளை இருந்து எட்டிப் பாத்தா. வேலை செய்யிற பிள்ளையள் திரும்பிப் பாத்தினம். நாங்கள் ரெண்டு பேரும் காது குடுத்துக்கொண்டு நிண்டம்.

"வரமாட்டான் போலை" எண்டான் ரவி. கோவம் இல்லை. சின்னச் சிரிப்பு. "ஒளிச்சா லேசிலை வெளியிலை வாறவன் இல்லை அவன்."

கையை விடேல்லை. யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினன். துவாயை விரிச்சு மற்ற ரெண்டு மூலையையும் என்னட்டை நீட்டினான். மடிச்சம்.

"நாளைக்கும் தேடுவம். வருவியளோ ஐயா?"

ஓம் எண்டன்.